‘க்ரால்’ யார் வீட்டுப் பிள்ளை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஒரு சொல் பெற்றவர்க்குச் சொந்தமா, வளர்த்தவர்க்குச் சொந்தமா?’ வளர்த்தவர்க்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ரஷ்யன், செக், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளைக் கையில் எடுத்தார். “அரசனைக் குறிக்கும் ‘க்ரால்’ என்ற சொல்லுக்கு அவர்கள் ஒரு ஜெர்மானியரின் பெயரையல்லவா கடன் வாங்கினார்கள்? அப்படியானால் அந்தச் சொல் ஜெர்மானியருடையதுதானே?” என்று கேட்டார். கடன் வாங்கியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

சார்லமேன் என்று நாம் பள்ளியில் படித்தோமே, அந்தப் பிராங்கியப் பேரரசரின் பெயர் கார்ல். 768இல் அரியணை ஏறினார், 800இல் ரோமில் பேரரசராக முடிசூடினார், 814இல் மறைந்தார். அவருடைய படை எல்ப் ஆற்றைத் தாண்டி ஸ்லாவியர் மண்ணுக்குள்ளும் வந்தது. அந்த ஒரு மனிதரின் பெயரே ஸ்லாவியர் வாயில் ‘அரசன்’ என்ற பொதுச்சொல் ஆனது என்பதுதான் பெரும்பாலான மொழியியலாளர் கொள்கை.

இனிமேல்தான் கதையே இருக்கிறது, நடுவர் அவர்களே. பழைய ஸ்லாவியப் பேச்சுக்கு, ஓர் அசை ஒற்றில் முடிவது ஒவ்வாது. ‘கார்ல்’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘ர்’ வந்து நிற்கிறது. அந்த முடிச்சை ஒவ்வொருவரும் தம் வழியில் அவிழ்த்தார்கள். ரஷ்யரும் உக்ரைனியரும் ரகரத்துக்குப் பின்னும் ஓர் உயிரொலி சேர்த்தார்கள்: கொரோல். செக் மக்களும் செர்பியரும் ரகரத்தை முன்னே இழுத்தார்கள்: க்ரால். போலந்துக்காரர் வாயில் அது க்ரூல்.

இதைச் சிதைவு என்று எதிரணி சொல்லக்கூடும். இல்லை ஐயா! கோட்டை, நகரம் என்பதற்கு அவர்களிடம் இருந்த பழஞ்சொல்லைப் பாருங்கள். நோவ்கோரோட் என்ற ஊர்ப்பெயரில் அது ‘கோரோட்’. பெல்கிரேடை அந்த ஊர்க்காரர் பெயோகிராட் என்பார்கள், அங்கே அது ‘கிராட்’. செக் மொழியில் ‘ஹ்ராட்’. அதே முடிச்சு, அதே அவிழ்ப்பு! வீட்டில் பிறந்த பிள்ளைக்கு என்ன சட்டமோ, வந்து சேர்ந்த பிள்ளைக்கும் அதே சட்டம். செக் நாட்டில் ஹ்ரதெட்ஸ் க்ராலோவே என்று ஒரு நகரம் இருக்கிறது. அரசியின் கோட்டை என்று பொருள். இரண்டு பிள்ளைகளும் அங்கே ஒரே பெயர்ப்பலகையில் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

ரஷ்யர் தம் மன்னரை ‘ஜார்’ என்றுதானே அழைத்தார்கள் என்று கேட்கலாம். அது சீசர் என்ற பெயரிலிருந்து வந்தது. ஆனால் அவர்களுடைய சதுரங்கப் பலகையில் ராஜா இன்றும் கொரோல்தான். 1957இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பிய செர்கேய் கொரொல்யோவின் குடும்பப் பெயரிலும் இதே சொல் இருக்கிறது. முயல் வரைக்கும் போயிருக்கிறது இந்தச் சொல்! முயலைக் குறித்த ஒரு ஜெர்மானியச் சொல், ‘குட்டி ராஜா’ என்பதுபோல் காதில் விழுந்தது. போலந்துக்காரர் அதைத் தம் மொழியில் ‘க்ரூலிக்’ என்று பெயர்த்துக்கொண்டார்கள். ரஷ்யர் அதை வாங்கி ‘க்ரோலிக்’ என்றார்கள். எனக்கு இந்தச் சொல்மேல் பாசம் வந்ததே இந்த முயலால்தான்.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். ஹங்கேரியர் ‘கிராய்’ என்கிறார்கள், துருக்கியர் ‘க்ரால்’ என்கிறார்கள், லித்துவேனியர் ‘கராலியுஸ்’ என்கிறார்கள். மூவரும் வாங்கியது ஸ்லாவியர் வீட்டிலிருந்து.

கடைசியாக எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. ஜெர்மன் மொழியில் அரசனுக்கு என்ன சொல்? ‘கோனிக்’. அது வேறு வேரில் முளைத்த சொல். ஜெர்மனியில் தெருவில் நின்று “கார்ல்!” என்று கூப்பிட்டால் அந்தப் பெயருள்ள ஒருவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அரசன் என்ற பொருளை அந்தச் சொல்லுக்குக் கொடுத்து, முடிசூட்டி அமர வைத்தது ஸ்லாவியர் நாக்கு. நன்றி, வணக்கம்.