70 டன் டேங்க், ஒரு பாட்டில் காக்னாக்: வார்கேம்ல ஏன் எல்லாருக்கும் ஜெர்மன் பக்கம் வேணும்?

வணக்கம் மக்களே! திரையில தெரியுற டேங்கைப் பாருங்க. பெல்ஜியத்துல லா க்ளேஸ்னு ஒரு சின்ன ஊர். அங்க மியூசியம் வாசல்ல நிக்குற கிங் டைகர், இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி கட்டின டேங்க், நம்பர் 213. எடை கிட்டத்தட்ட 70 டன், 88 மில்லிமீட்டர் பீரங்கி. போர் முடிஞ்சதும் அமெரிக்க ராணுவம் இதை இழுத்துட்டுப் போக வந்துச்சாம். ஊர்ப் பெண்மணி ஒருத்தங்க ஒரு பாட்டில் காக்னாக் கொடுத்து இதை ஊரோட நிறுத்திக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. என்ன ஒரு பேரம்!

நடந்த போரை மேஜை மேல திரும்ப ஆடுற விளையாட்டுதான் வார்கேம். ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) போட்ட போர்டோ, மினியேச்சரோ (குட்டி டேங்க், வீரர் பொம்மை), இரண்டாம் உலகப் போர்னாலே பல பேரோட கை முதல்ல ஜெர்மன் பெட்டிக்குத்தான் போகுது. 1970-ல அவலான் ஹில் வெளியிட்ட டேங்க் கேமுக்குப் பேரே ஜெர்மன்ல, 'பான்சர்பிளிட்ஸ்'. இந்தப் பொழுதுபோக்கோட வேரும் ஜெர்மன் மண்ணுலதான்: 1824-லேயே பிரஷ்ய அதிகாரிகள் மேப், டைஸ், நடுவரோட 'க்ரீக்ஸ்ஷ்பீல்' ஆடினாங்க.

ஈர்ப்புக்கு நியாயமான காரணமும் இருக்கு. ஜெர்மன் பக்கம் எடுத்தா முதல்ல பாய்ஞ்சு தாக்கலாம், அப்புறம் கம்மி ஆளை வெச்சுத் தாக்குப்பிடிக்கணும். ஒரே போர்ல ரெண்டு வித ஆட்டம்! டேங்க் பேரும் பாந்தர், டைகர். பெயின்ட் அடிக்கிறவங்களுக்கு அந்தக் கேமஃப்ளாஜ் ஒரு விருந்து.

ஆனா 213 எப்படி அந்த ஊருக்கு வந்துச்சு? அங்கதான் எனக்குக் கோபம் வருது.

1944 டிசம்பர் 16, ஆர்டென்ஸ் காடு. மேற்கு முனையில ஜெர்மனியோட கடைசிப் பெரிய தாக்குதல், 'பல்ஜ் சண்டை'ன்னு சொல்வாங்க. முன்னால போனது எஸ்.எஸ். (நாஜிக் கட்சியோட ஆயுதப் படை) அதிகாரி யோஆகிம் பைப்பரோட படை. இந்தச் சண்டை பத்தின கேம்கள்ல இவரோட கவுன்டருக்குத்தான் (படையைக் குறிக்கிற சின்ன அட்டைத் துண்டு) அடிதடி. புறப்படும்போதே பெட்ரோல் பத்தாது. அமெரிக்கக் கிடங்கைப் பிடிச்சு நிரப்பிக்கலாம்னு கணக்கு. ஒரு இடத்துல கிடைச்சுது, அப்புறம் பாலம் பாலமா அமெரிக்கர்கள் தகர்த்தாங்க. லா க்ளேஸ்ல மாட்டிக்கிட்டு, டிசம்பர் 24 விடியறதுக்குள்ள, மிஞ்சின டேங்கை எல்லாம் அப்படியே விட்டுட்டு சுமார் 800 பேர் நடந்தே தப்பிச்சாங்க. 213 அப்படி நின்னதுதான். போர் முழுக்க கட்டின கிங் டைகர் 500-ஐக்கூட எட்டல. எதிர்ல அமெரிக்காவோட ஷெர்மன் டேங்க் ஏறக்குறைய 50,000!

அதே படை, டிசம்பர் 17 அன்னைக்கு, மால்மெடி பக்கத்துல போன்யேங்கிற சாலைச் சந்திப்புல, சரணடைஞ்ச 84 அமெரிக்க வீரர்களைச் சுட்டுக் கொன்னுச்சு. ஸ்டாவ்லோ சுத்து வட்டாரத்துல குழந்தைகள் உட்பட 100-க்கும் மேற்பட்ட ஊர் மக்களும் கொல்லப்பட்டாங்க.

பல கேம்கள்ல எஸ்.எஸ். கவுன்டர் கறுப்பு நிறம், பக்கத்துல கூடுதல் மன உறுதிப் புள்ளி. கவச கனத்துக்கு எண் இருக்கு, பீரங்கிக்கு எண் இருக்கு. ஆனா அந்தப் போன்யே சந்திப்பு மேப்ல வெறும் ஒரு ஹெக்ஸ்.

"அது எஸ்.எஸ். பண்ணினது, சாதா ராணுவம் சுத்தம்"னு சிலர் சொல்வாங்க. தப்பு. ஜெர்மன் பிடியில 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் போர்க் கைதிகள் செத்தாங்க. அந்த முகாம்கள்ல பெரும்பாலானதை நடத்துனது சாதா ராணுவம். 'சுத்தமான ராணுவம்'ங்கிற கதையைப் பரப்புனதே தோத்த தளபதிகள்தான். 1942 வரை ஜெர்மன் தரைப்படையோட 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' (போர்த் திட்டம் போடுற தலைமை அதிகாரி) ஆ இருந்த ஃபிரான்ஸ் ஹால்டர், போருக்கு அப்புறம் அமெரிக்க ராணுவத்துக்கே வரலாறு எழுதற வேலை பார்த்தார். 1961-ல அமெரிக்கா அவருக்கு விருதும் கொடுத்துச்சு! தோத்தவன் எழுதின கணக்கை வெச்சு நாம புள்ளி போட்டுக்கிட்டு இருக்கோம்.

ஜெர்மன் பக்கம் ஆடாதீங்கன்னு நான் சொல்லல. யாராவது அந்தப் பக்கம் உட்கார்ந்தாதான் கேமே நடக்கும். ஆனா கேம் டிசைன் பண்றவங்க அந்தப் போனஸ் புள்ளியை எடுக்கணும், விதிப் புத்தகத்துல போன்யேவை எழுதணும். நீங்க அடுத்த தடவை பைப்பர் கவுன்டரை எடுத்தா, பெட்ரோல் விதியைத் தள்ளி வைக்காம ஆடிப் பாருங்க. எத்தனாவது டர்ன்ல வண்டி நின்னுச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிப்பேன்.