தேங்காய் மணக்கும் மே மாதம்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று பார்த்ததும் கோல்ஃப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இங்கே இருப்பீர்கள். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்த ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை தங்கியிருந்தேன். வசந்தத்தின் பின்பாதி. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சின்ன ஊர். பெரிய தெரு என்று மூன்றுதான். கிழக்கே நடந்துகொண்டே இருந்தால் இடிந்த பேராலயம், அதைத் தாண்டினால் கடல். பல்கலைக்கழகம் 1413-இல் தொடங்கியது. ஏறக்குறைய 10,000 மாணவர்கள். எந்தக் கடைக்குப் போனாலும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பது ஒரு மாணவராகத்தான் இருக்கும்.

வசந்தம் என்று அவர்கள் சொல்வதை முதலில் நான் நம்பவில்லை. மே மாதத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்ற எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் வெளிச்சம் மட்டும் தாராளம். மாதக் கடைசியில் சூரியன் இறங்கவே இரவு ஒன்பதரை மணி தாண்டிவிடும். அதற்கப்புறமும் வடக்கு வானம் வெளுத்தே கிடக்கும். மறுபடி ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் ஆயிற்றா இல்லையா என்று வயிற்றுக்கே குழப்பம். உடம்பு சொல்லாது, கண் சொல்லும். அங்கே வசந்தம் அப்படித்தான்.

அந்தக் கண்ணையும் கட்டிவிட ஒன்று இருக்கிறது. ஹார் என்பார்கள். கடலிலிருந்து வரும் மூடுபனி. ஈரமும் கதகதப்புமான காற்று வட கடலின் மேல் வரும். அந்தக் கடலோ குளிர்காலக் குளிரை மே மாதத்திலும் விட்டுக்கொடுக்காது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் காற்றின் ஈரம் நுண்துளியாகிக் கரைக்கு ஏறி வந்துவிடும். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மதியம் எதிர் வரிசைக் கட்டடம் தெரியாது. பேருந்து பிடித்துக் கொஞ்சம் உள்நாட்டுப் பக்கம் போனால் அங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு வாடகைதாரரைச் சகித்துக்கொள்ளும் பாவனை தெரியும்.

சரி, மாணவர்களுக்கு வருவோம். செயின்ட் சால்வேட்டர் கல்லூரி வாசலில், கல் பாவிய தரையில், பி, எச் என்று இரண்டு எழுத்துகள் பதித்திருக்கிறார்கள். பேட்ரிக் ஹாமில்டன் என்ற இளைஞரின் பெயரெழுத்துகள். புராட்டஸ்டண்ட் கருத்துகளைப் பேசியதற்காக 1528-இல் அந்த இடத்தில்தான் அவரை உயிரோடு எரித்தார்கள். அந்த எழுத்துகளை மிதித்த மாணவர் தேர்வில் தேற மாட்டார் என்பது நம்பிக்கை. ஒரு மதியம் முழுக்க அங்கே நின்று பார்த்தேன். கைப்பேசியில் பேசிக்கொண்டே வருகிறார்கள், கையில் காப்பி, தோளில் பை. அந்த இடம் வந்ததும் கால் மட்டும் தானாக ஒதுங்குகிறது. குனிந்து பார்ப்பதுகூட இல்லை. இயற்பியல் படிக்கிறவரும் ஒதுங்குகிறார், இறையியல் படிக்கிறவரும் ஒதுங்குகிறார்.

மிதித்துவிட்டால்? பரிகாரம் உண்டு. மே முதல் தேதி விடியலில் கிழக்குக் கடற்கரையில் இறங்கிக் குளிக்க வேண்டும். தண்ணீர் எட்டு, ஒன்பது டிகிரி இருந்தால் அதிகம். இரவெல்லாம் தூங்காமல் மணலில் தீ மூட்டிக் காத்திருந்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் கத்திக்கொண்டே ஓடுகிறார்கள். போன வேகத்தைவிடத் திரும்புகிற வேகம் அதிகம். மிதிக்காதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று குளிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பல் கிட்டியபடி என்னிடம் பேசிய ஒரு பெண், தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் தண்ணீருக்கு வேறு வேலையும் உண்டு. மே மாதம் தேர்வுக் காலம். கடைசித் தேர்வை எழுதிவிட்டு ஒருவர் வெளியே வந்தால் வாசலில் நண்பர்கள் வாளியோடு நிற்பார்கள். தலையோடு கொட்டுவதுதான் வாழ்த்து. தெருவில் சொட்டச் சொட்ட யாராவது சிரித்துக்கொண்டு போனால் ஒரு படிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே போய் 1908 முதல் நடக்கும் ஜானெட்டா ஐஸ்கிரீம் கடை வரிசையில் நிற்பார்கள். அந்தக் குளிரில் ஐஸ்கிரீம்!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. உலகமெங்கிருந்தும் ஆட வருகிறவர்கள் ஏங்குகிற அந்தப் புல்லில் அன்று நாய்களும் குழந்தைகளும் ஓடலாம். புல்வெளி ஊருக்குச் சொந்தம் என்கிற எண்ணம் அங்கே ரொம்பப் பழையது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, ஊரார் கோல்ஃபும் கால்பந்தும் ஆடும் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நடந்துகொண்டிருந்தபோது தேங்காய் வாசனை வந்தது. ஐயமே இல்லை, துருவிய தேங்காய். சுற்றிலும் வீடு இல்லை, அடுப்பு இல்லை. முகர்ந்து முகர்ந்து போனால் ஒரு முள்புதர். கோர்ஸ் (gorse) என்று பெயர்; மைதானத்தின் பெயரில் வரும் கோர்ஸ் (course) வேறு. அவரைப் பூவின் சாயலில் கொத்துக் கொத்தாக அடர்மஞ்சள் பூ. இலை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் பச்சை முள். ஒரு பூவைப் பறிப்பதற்குள் விரலில் நாலு இடத்தில் குத்திவிட்டது. வெயில் ஏற ஏறத்தான் மணம் கூடும். ஹார் வந்து மூடிய நாளில் போய் முகர்ந்தேன், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதன்பிறகு காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பதைவிட அந்தப் புதர்ப் பக்கம் ஒரு நடை போய்வருவதுதான் எனக்கு வானிலை அறிக்கை.

மே முடியும்போது ஊர் கை மாறும். 1969-இல் ரயில் நிலையத்தை மூடிவிட்டதால் மாணவர்கள் பெட்டிகளோடு பேருந்தில் லூகர்ஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். தூக்க முடியாததெல்லாம் பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகளுக்கு வந்து சேரும். அலமாரி முழுக்கக் கெட்டில், போர்வை, மேசை விளக்கு, பாதி அடிக்கோடிட்ட பொருளாதாரப் புத்தகங்கள். பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் தோளில் இப்போது நீளமான கோல்ஃப் பைகள். ஆட்டம் தெரியாத எனக்கு அதோடு அங்கே வேலை முடிந்தது. ஒரு கெட்டிலை வாங்கிக்கொண்டு நானும் லூகர்ஸ் பேருந்தில் ஏறினேன்.