யார் கையில் ஊசி

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பச்சை குத்திக்கொள்ளலாமா, கூடாதா" என்று பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அது பட்டிமன்றத் தலைப்பு. தீர்ப்புச் சொல்ல நான் நடுவர் இல்லை. அதனால் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். ஏன் குத்திக்கொள்கிறார்கள், அடுத்தவன் கையில் இருக்கும் பச்சையைப் பார்த்து மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று பார்ப்போம்.

நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி அடிக்கடி வரும். தண்டவாளத்தின் ஓரம் அடையாளம் தெரியாத ஆண் உடல், வயது சுமார் நாற்பத்தைந்து, நீலக் கட்டம் போட்ட கைலி, வலது முன்கையில் ஒரு பெண்ணின் பெயர் பச்சை குத்தப்பட்டுள்ளது, விவரம் தெரிந்தவர்கள் காவல் நிலையத்தைத் தொடர்புகொள்ளவும். அந்தப் பெயர் அவருடைய மனைவியா, மகளா, கைகூடாமல் போன பெண்ணா, யாருக்குத் தெரியும்? காவல் நிலையத்துக்கு அது அங்க அடையாளம், அவ்வளவுதான். குத்திக்கொண்ட அன்றைக்கு அவருக்கு அது வேறு ஏதோ ஒன்றாக இருந்திருக்கும்.

முதலில் பழைய பச்சையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் கையிலேயே அது இருக்கிறது.

பச்சை குத்தும் குறத்தி தெருவில் கூவிக்கொண்டு வருவாள். திண்ணையில் உட்கார வைப்பார்கள். மையை அவளே செய்துகொண்டு வந்திருப்பாள். அதன் பக்குவத்தை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து உரலில் அரைக்க வேண்டும். அதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்ற வேண்டும். மேலே ஒரு புதுச் சட்டியைக் கவிழ்த்தால் உள்ளே கரி படியும். அதைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். நாலைந்து ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் பாடுவாள். கூலி நெல்லாகவோ, பழைய சேலையாகவோ, வெற்றிலை பாக்கோடு நாலு காசாகவோ இருக்கும்.

இந்த தர்ஸ்டன் இன்னொரு வேலையும் செய்தார். ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு சாதிக்காரரையும் நிறுத்தி மூக்கின் நீளம் அகலத்தை அளந்தார். உடம்பைப் பார்த்தே மனிதனைப் பட்டியலில் அடைத்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குத்துவது கறுப்புக் கரிதான். தோலின் கீழ் அடுக்கில் அது தங்கிவிட்டால், மேல்தோல் வழியாகப் பார்க்கிற நமக்கு நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. அது ஏன் அழிவதில்லை? நம் உடம்பில் அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் இருக்கின்றன. அவை மையை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. அந்த அணு செத்தால் பக்கத்தில் வரும் புது அணு அதே மையை வாங்கிக்கொள்கிறது. பிரான்சில் மர்செய் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்து 2018இல் இதைக் கண்டு சொன்னார்கள். ஆக, நிரந்தரம் நிரந்தரம் என்று நாம் சொல்கிற ஒன்று உள்ளே ஓயாமல் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

என்ன குத்தினார்கள்? புள்ளி வைத்து வளைக்கிற கோலம். தேள். மயில். நெற்றியிலோ முகவாயிலோ ஒரு பொட்டு. கோலத்தின் சிக்கலில் எமன் வழி தெரியாமல் நிற்பான் என்பார்கள். மூட்டு வலிக்கு அந்த இடத்திலேயே குத்துகிற வழக்கமும் உண்டு. மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். இத்தாலி, ஆஸ்திரிய எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள் 1991இல் ஓர் ஆளின் உடல் கிடைத்தது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவர் உடம்பில் 61 பச்சைகள், எல்லாம் சின்னச் சின்னக் கோடுகளும் ஒன்றிரண்டு சிலுவைக்குறிகளும். பெரும்பாலானவை இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும், மூட்டுகள் தேய்ந்துபோயிருந்த இடங்களை ஒட்டியே இருந்தன. அதுவும் கரிதான். வைத்தியத்துக்குத்தான் குத்தியிருப்பார்கள் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

சங்க காலத்துத் தொய்யிலைப் பச்சைக்கு மூதாதையாக்கிச் சிலர் மேடையில் பெருமை பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தொய்யில் என்பது பெண்களின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் எழுதுவது, வியர்த்தால் கலைந்துவிடும். கலைவதில்தான் அதன் அழகு. இரண்டையும் ஒன்றாக்கத் தேவையில்லை.

பழைய பச்சையில் எனக்கு மிகவும் பிடித்தது புருஷன் பெயர். கட்டியவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்கள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள். பிள்ளை இல்லாவிட்டால் முந்தானையை விலக்கிக் கையை நீட்டுவார்கள், கடைக்காரர் படித்துக்கொள்வார். அந்த எழுத்தை அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. இது அன்பா, அடிமைத்தனமா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். ஆனால் அதே கையில், கொஞ்சம் மேலே தள்ளி, அண்ணன் பெயரோ, கூட விளையாடிய தோழியின் பெயரோ இருக்கும். அது யாரும் சொல்லி நடந்தது அல்ல. அப்புறம், கேட்டால் எல்லாப் பாட்டிகளும் ஒரே பதில் சொல்வார்கள்: "செத்தா நகையக் கழட்டிருவாங்க, தாலியக் கழட்டிருவாங்க, இத எவனாலயும் கழட்ட முடியாதுல்ல?" சொத்து என்று எதுவும் தன் பெயரில் இல்லாத ஒருத்தி சொல்கிற பேச்சு இது.

இப்போது பிள்ளைகளிடம் வருவோம். நீங்கள் ஏன் குத்திக்கொள்கிறீர்கள்? ஃபேஷன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள் பெரியவர்கள். ஃபேஷனும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டாட்டூ கடைக்காரரிடம் போய்ப் பேசிப் பாருங்கள். அதிகம் கேட்கப்படுவது "அம்மா" என்பார். இறந்துபோன அப்பாவின் கையெழுத்தை, பழைய மணியார்டர் துண்டிலிருந்து அப்படியே எடுத்துக் குத்தச் சொல்கிறவர்கள் உண்டு. தீக்காயத் தழும்பை மறைக்க வருகிறவர்கள் உண்டு. கையில் பிளேடால் கீறிக்கொண்ட காலத்தைத் தாண்டி வந்து, அந்தக் கோடுகளின் மேல் ஒரு கொடியைப் படரவிடுகிற பெண்கள் உண்டு. அவளைப் பார்த்து "எதற்கு இந்தக் கோமாளித்தனம்" என்று பேருந்தில் ஒருவர் கேட்பார். முழங்கை வரை இருக்கும் அந்தக் கொடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தலைவர்களுக்காகக் குத்திக்கொள்வதும் நம் ஊருக்குப் புதிதல்ல. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தம் கட்சித் தொண்டர்களைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கூடி அவர் முகத்தைக் கையில் குத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். அப்புறம் கட்சி என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். கை மட்டும் அப்படியே இருக்கிறது. தானாக விரும்பிக் குத்திக்கொண்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலிடத்தின் கண்ணில் பட வேண்டும் என்று ஏற்பாடு செய்து, வரிசையில் நிற்கவைத்துக் குத்துவது வேறு. அங்கே கை தொண்டருடையது, ஊசி வேறு யாருடையதோ.

பிறர் தோலில் தங்கள் ஊசியைச் செலுத்தியவர்களின் சரித்திரம் பெரியது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். கோத்னா என்று அதற்குப் பெயர். வங்காளத்தில் 1797இல் சட்டமானது, சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1849இல்தான் ஒழிந்தது. கடல் கடந்து அனுப்பப்பட்ட கைதிகள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அது கம்பெனி காலம் என்று ஆறுதல் பட முடியாது. சுதந்திர இந்தியாவில், 1993இல், அமிர்தசரஸ் நகரில் நான்கு பெண்களின் நெற்றியில் போலீஸ்காரர்களே "ஜேப்கத்ரி", அதாவது பிக்பாக்கெட், என்று குத்தினார்கள். அந்தப் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2016 வரை ஆனது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம். ஊருக்கெல்லாம் பச்சை குத்திய குறவர்களையே, பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரையிடும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து, வேளை தவறாமல் போலீஸிடம் போய்க் கைநாட்டு வைக்கவைத்தது வெள்ளைக்கார அரசு. (குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. மேடைகளில் இன்றைக்கும் குழப்பிக்கொள்கிறார்கள்.) உடம்பை அளந்தால் மனிதனை அறிந்துவிடலாம் என்று நம்பியவர்கள் கையில் அதிகாரம் இருந்தால் இதுதான் நடக்கும். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 ஆனது. சட்டம் போனாலும் பார்வை போகவில்லை. பச்சை என்றாலே குப்பத்து ஆள், பட்டிக்காடு, ரவுடி என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது. குளிர்சாதன அறையில், மின்சார ஊசியில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குத்தினால் அது டாட்டூ, ரசனை. மீன் விற்கும் அம்மாவின் கையில் இருந்தால் அது பச்சை, அசிங்கம். யாருடைய தோல் என்று பார்த்துவிட்டுத்தான் அழகா இல்லையா என்று முடிவு செய்கிறோம். ஜப்பானிலும் இந்தக் கதைதான். 1872இல் தடை, 1948இல் விலக்கல், இன்றும் பல வெந்நீர்க் குளியலிடங்களில் பச்சை குத்தியவருக்கு அனுமதி இல்லை. ரவுடிக் கூட்டத்தின் அடையாளம் என்ற நினைப்பு அங்கேயும்.

இதைத் தலைகீழாகத் திருப்பியவர்கள் சத்தீஸ்கரின் ராமநாமிகள். தீண்டாமையின் பெயரால் கோயிலுக்குள் விடாதபோது, 1890களில் பரசுராம் என்பவர் தொடங்கி வைத்தார். ராமன் பெயரை உடம்பு முழுக்கக் குத்திக்கொண்டார்கள், முகத்திலும் கண்ணிமையிலும்கூட. கோயிலுக்கு நாங்கள் வர வேண்டாமா, சரி, கோயிலை எங்கள் மேலேயே எழுதிக்கொள்கிறோம் என்ற துணிச்சல். பச்சை குத்திக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. நேரம் குறைவு, இரண்டு மட்டும்.

"பாதுகாப்பானதா?" ஊசி உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும், மை தனிக் கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பழைய ஊசியில் வரக்கூடியவை. அதனால்தான் குத்திக்கொண்டபின் ஓராண்டுக்கு உங்கள் இரத்தத்தை வாங்க மாட்டார்கள். திருவிழாக் கடையில் வரிசையாக ஒரே ஊசியில் குத்துகிறவரிடம் போகவே கூடாது. பெரிய கடை என்பதாலும் நம்பிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில், ஃபேஷன் என்று கேட்டு வந்தவர்களின் நாக்கையே பிளந்துவிட்டிருந்தார்கள். கைது நடந்த பிறகுதான் மாநகராட்சி சீல் வைத்தது. கண்காணிப்பு அவ்வளவுதான் இருக்கிறது.

இரண்டாவது சீட்டு ஒரு மாணவி எழுதியது. "எஸ்.ஐ. தேர்வுக்கோ மத்தியப் படைக்கோ போக ஆசை. அம்மா பெயரைக் குத்திக்கொள்ளலாமா, வீட்டில் பாட்டி திட்டுகிறார்." பாட்டி கையில் பச்சை இருக்கிறதா என்று முதலில் பார், அம்மா. இருந்தால் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். விதியைச் சொல்கிறேன். ராணுவத்தில் முன்கையின் உட்புறமும் புறங்கையும் மட்டும் அனுமதி, பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. மத்தியக் காவல் படைகளில் முன்கை என்றால் இடதுகையின் உட்புறம் மட்டும், ஏனென்றால் வலதுகை சல்யூட் அடிக்கிற கை. பெயரும் சாமி உருவமும் இருக்கலாம், அந்த உறுப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மாநிலத் தேர்வுக்கு அறிவிப்பு வந்ததும் அதைத் தனியாகப் படித்துப் பார்த்துக்கொள். பிறகு லேசரில் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பல அமர்வுகள் ஆகும், குத்தியதைவிடச் செலவாகும், கறுப்பு கொஞ்சம் சீக்கிரம் போகும், மஞ்சளும் பச்சையும் லேசில் போகாது. ஆகவே இடதுகை, கறுப்பு மை, சின்னதாக அம்மா பெயர். எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு தாளில் எழுதி, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கொடு. நன்றி, வணக்கம்.