பாசமான காக்கட்டூ திடீரென்று ஏன் கடிக்கிறது?

[திரையில்: கூண்டின் மேல் நிற்கும் வெள்ளைக் காக்கட்டூ. கொண்டை விரிந்திருக்கிறது, வால் விசிறி போலப் பரந்திருக்கிறது.]

நேற்று வரை தலையைக் குனிந்து கழுத்தைச் சொறியச் சொல்லிக் கேட்ட பறவை, இன்று கையை நீட்டினால் பாய்ந்து வருகிறது. வீட்டில் ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. மற்றவர்கள் அறைக்குள் வந்தாலே தரையில் ஓடித் துரத்துகிறது. கிளி இனத்தைச் சேர்ந்த இந்தக் காக்கட்டூவை வளர்ப்பவர்கள் பலர் மனம் உடைந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். "இதுக்கு என்னைப் பிடிக்காம போச்சு" என்று முடிவுகட்டி, பறவையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். நல்ல பராமரிப்பில் 40, 50 ஆண்டுகள் வாழக்கூடிய பறவை அது. இனப்பெருக்கப் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிற ஒரு மாற்றத்துக்காக அது வீட்டையே இழக்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

[திரையில்: பறவையின் தலையின் பக்கவாட்டு வரைபடம். ஒளிக்கதிர்கள் மண்டையோட்டின் வழியே இறங்குகின்றன.]

பகல் நீள்கிறதா, குறைகிறதா என்பதைப் பறவைகள் கண்ணால் மட்டும் கணக்கிடுவதில்லை. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் வெளிச்சத்தை மூளையின் ஆழத்தில் இருக்கும் சில செல்கள் நேரடியாகவே உணர்கின்றன. பகல் நீண்டுவிட்டது என்று அவை சொன்னதும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதி ஹார்மோனைச் சுரக்கிறது, அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி இனப்பெருக்க உறுப்புகளை எழுப்பிவிடுகிறது. பருவம் இல்லாத நாட்களில் சுருங்கிக் கிடக்கும் ஆண் பறவையின் விரைகள் இப்போது பல மடங்கு பெரிதாகின்றன. உடம்பே வேறு வேலைக்குத் தயாராகிவிடுகிறது.

காட்டில் இந்த வேலை லேசானதில்லை. காக்கட்டூ மரப்பொந்தில்தான் முட்டையிடும். அவ்வளவு பெரிய பொந்து பழைய, முதிர்ந்த மரத்தில்தான் கிடைக்கும். கிடைத்ததை விட்டுக்கொடுத்தால் அந்த ஆண்டு குஞ்சு இல்லை. அதனால் துணையையும் பொந்தையும் சண்டை போட்டுத்தான் காக்க வேண்டும். உங்கள் வீட்டில் சோபாவுக்கு அடியில் இருக்கும் இருட்டு இடம்தான் அதற்குப் பொந்து. உங்கள் குடும்பத்தில் ஒருவர் அதன் துணை. மற்றவர்கள் எல்லாம் பொந்தைப் பறிக்க வந்தவர்கள்!

வெளிச்சம் மட்டும் காரணம் இல்லை. வெள்ளைக் காக்கட்டூ இந்தோனேசியாவின் வடக்கு மலுக்கு தீவுகளைச் சேர்ந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்தப் பகுதியில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் மழையும் அதைத் தொடர்ந்து வரும் உணவுப் பெருக்கமும் பறவைகளுக்கு முக்கியமான அடையாளங்கள். இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். இரவு பதினோரு மணி வரை விளக்கு, எந்நேரமும் நிறைந்திருக்கும் தீனிக் கிண்ணம், படுத்துப் பார்க்க அட்டைப்பெட்டிகள், முதுகைத் தடவும் கை. "இதுதான் சரியான நேரம்" என்று பறவையிடம் நாம் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஆகவே நாம் மாற்ற வேண்டியது பறவையை இல்லை, இந்த அடையாளங்களைத்தான்.

முதலில் இருட்டு. ஒரு நாளில் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்க வேண்டும். கூண்டின் மேல் துணி போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே டிவி பார்த்தால் அது இரவு ஆகாது. முடிந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் தூங்குவதற்கென்று ஒரு சிறிய கூண்டு வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் தூக்கம், ஒரே நேரத்தில் விழிப்பு. இரண்டு நாளில் பலன் தெரியாது, வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

அடுத்தது பொந்துகள். பெட்டி, துணிக்கூடாரம், திறந்த இழுப்பறை, கட்டிலுக்கு அடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அல்லது அடைத்துவிடுங்கள். கூண்டையே பொந்தாகக் காக்கிற பறவை என்றால் உள்ளே இருக்கும் கட்டைகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். மரத்துண்டைக் கடித்துத் துகளாக்குவதுகூடக் கூடு கட்டும் வேலைதானே, நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். காக்கட்டூவுக்கு எதையாவது கடிக்காமல் இருக்க முடியாது. திறந்த இடத்தில் உட்கார்ந்து கடித்தால் விட்டுவிடுங்கள். ஒரு மூலைக்குள் நுழைந்து உட்கார்ந்து கடித்தால்தான் கவலை.

[திரையில்: ஒரு கை பறவையின் கன்னத்தை மெதுவாகச் சொறிகிறது. பிறகு பறவையின் உருவப்படம். தலையும் கழுத்தும் பச்சை, மற்ற இடமெல்லாம் சிவப்பு.]

தொடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது. காக்கட்டூ மடியில் சுருண்டு படுக்கிற பறவை, இறக்கையைத் தூக்கிக் காட்டி அடியில் தடவச் சொல்லும். ஆனால் முதுகு, இறக்கையின் அடிப்பக்கம், வாலின் அடி ஆகிய இடங்களைத் துணைப் பறவைதான் தொடும். நீங்கள் தொட்டால் ஒரு வாக்குறுதி கொடுத்தது மாதிரி. அதை நீங்கள் நிறைவேற்ற முடியாது, பறவை தவித்துப்போகும். தலை, கழுத்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீனியைக் கக்கி உங்களுக்கு ஊட்ட வந்தால் திட்டாமல், சிரிக்காமல் கீழே இறக்கிவிட்டு வேறு ஏதாவது வேலை கொடுங்கள்.

தீனியைக் குறைத்துப் பட்டினி போடச் சொல்லவில்லை. சூடான, குழைந்த உணவை இந்தக் காலத்தில் நிறுத்துங்கள். பெல்லட் என்னும் உருண்டைத் தீவனமும் காய்கறியும் அன்றாட உணவாக இருக்கட்டும். கொழுப்பு நிறைந்த சூரியகாந்தி விதையையும் கொட்டைகளையும் பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். கிண்ணத்தில் கொட்டுவதற்குப் பதில் காகிதத்தில் சுற்றியோ, மரக்கட்டைத் துளையில் செருகியோ கொடுத்தால் தேடித் தின்பதிலேயே நேரம் போகும்.

அப்புறம், கடி. கொண்டை விரிந்தாலே கோபம் என்று நினைக்காதீர்கள், சந்தோஷத்திலும் விரியும். முகத்தைக் கவனியுங்கள். நிம்மதியாக இருக்கும் காக்கட்டூவின் கன்னத்து இறகுகள் முன்னால் வந்து அலகைப் பாதி மூடியிருக்கும். பாயப் போகும் பறவை வேறு மாதிரி: இறக்கைகள் உடம்பைவிட்டு விலகும், வால் விரியும், சீறும், இடமும் வலமுமாக ஆடும். பிறகு ஒரு நொடி அப்படியே விறைத்து நிற்கும். அந்த விறைப்பைப் பார்த்ததும் கையை நீட்டாதீர்கள், பின்வாங்குங்கள். அது தோல்வி இல்லை. இந்தப் பருவத்தில் தோளில் ஏற்றவே வேண்டாம்; கொட்டை ஓட்டை உடைக்கும் அலகு அது, பக்கத்திலேயே உங்கள் உதடும் காதும் கண்ணும் இருக்கின்றன. குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள்.

கடித்துவிட்டால் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். கத்தினால் பறவைக்கு இன்னும் வெறி ஏறும். அடித்தால் நம்பிக்கை போய்விடும், அது திரும்புவதற்கு நெடுநாள் ஆகும். அமைதியாகக் கீழே இறக்கிவிட்டுச் சில நிமிடம் விலகிப் போங்கள், போதும்.

கைக்குப் பதிலாகக் குச்சி. கூண்டுக் கம்பிக்கு வெளியிலிருந்து ஒரு குச்சியின் நுனியைக் காட்டுங்கள். பறவை அலகால் மெல்லத் தொட்டதும் ஒரு விதை. பிறகு குச்சியை ஓர் அங்குலம் தள்ளிக் காட்டுங்கள், அது நகர்ந்து வந்து தொடட்டும், இன்னொரு விதை. இப்படிப் பழகிய பறவையைத் தொடாமலேயே கூண்டுக்குள் அனுப்பலாம், வேறு கட்டைக்கு மாற்றலாம், எடை பார்க்கும் தராசிலும் ஏற்றலாம்.

ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூண்டில் அடைபட்ட ஆண் காக்கட்டூ தன் துணையையே தாக்கி அலகை நொறுக்குவதும் கொன்றுவிடுவதும் நடக்கிற விஷயம். பெண் பறவைக்குத் தப்பியோட அங்கே இடம் கிடையாது.

எல்லாக் கடியும் ஹார்மோனால் வருவதும் இல்லை. வலி இருந்தாலும் பறவை கடிக்கும். அதனால் முதல் முறை இப்படி மாறும்போதே பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெண் பறவை கூண்டின் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்து முக்கினால், அல்லது எச்சம் போடும் இடத்தில் சதை வெளியே தெரிந்தால், அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் வரை தள்ளக் கூடாது. முட்டையிட்டுவிட்டால் உடனே எடுத்து எறியாதீர்கள், ஈடுகட்ட இன்னும் இடும். தேவைப்பட்டால் மருத்துவர் இந்த ஹார்மோன்களை அடக்க லியூப்ரோலைடு ஊசியோ டெஸ்லோரெலின் என்னும் தோலடி மருந்தோ தருவார். அவை சில காலம்தான் வேலை செய்யும். விளக்கும் பெட்டியும் பழையபடியே இருந்தால் பிரச்சினை திரும்ப வரும்.

[திரையில்: சுவர் நாட்காட்டி. ஒரு தேதியைச் சுற்றி வட்டம்.]

சீறலும் துரத்தலும் தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அடங்கிய நாளையும் குறியுங்கள். பெரும்பாலும் அடுத்த ஆண்டும் அதே சமயத்தில்தான் வரும். அதற்குச் சில வாரங்கள் முன்பே இரவை நீட்டி, பெட்டிகளை எடுத்து, குச்சிப் பயிற்சியைப் புதுப்பித்துவிடுங்கள்.