டெய்லி கிரியேட்டிவா ஏதாவது ஒண்ணு பண்ணணுமா? மூடுக்காக காத்திருக்காதீங்க

தினமும் கொஞ்சம் வரையணும், எழுதணும், ஏதாவது ஒரு ட்யூன் போட்டு பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்க கிட்ட "அப்புறம் ஏன் ஆரம்பிக்கல"ன்னு கேட்டா ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு டைம் இல்ல, இன்னொண்ணு மூட் இல்ல. டைம் விஷயத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல இந்த மூட் மேட்டரை பாத்துடலாம், ஏன்னா நிறைய பேரு மாட்டிக்கிட்டு நிக்கிற இடமே இதுதான்.

[திரையில்: ஒரு காலண்டர், 13 கட்டங்கள் ஒவ்வொண்ணா நிறையுது]

நியூசிலாந்துல ஒடாகோ யூனிவர்சிட்டியில டாம்லின் கானர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்காங்க. அவங்களும் அவங்க டீமும் 658 இளம் வயசுக்காரங்கள 13 நாள் தினமும் டைரி மாதிரி பதில் எழுத வச்சாங்க, இன்னைக்கு எவ்வளவு கிரியேட்டிவா இருந்தீங்க, மனசு எப்படி இருந்துச்சு, இப்படி. கடைசியில தெரிஞ்சது என்னன்னா, ஒரு நாள் வழக்கத்தை விட கிரியேட்டிவா ஏதாவது பண்ணவங்க அடுத்த நாள் இன்னும் உற்சாகமா, வாழ்க்கையில ஒரு பிடிப்போட இருந்திருக்காங்க. சரி, இதை அப்படியே திருப்பி போட்டு பாப்போம், இன்னைக்கு மனசு சந்தோஷமா இருந்தா நாளைக்கு கிரியேட்டிவா ஏதாவது பண்ணுவோமா? அதுக்கு ஆதாரம் கிடைக்கல.

இது அவங்கவங்க தன்னைப் பத்தி தானே சொன்னதை வச்சு பண்ண ஆராய்ச்சி, அதனால இதான் கடைசி தீர்ப்புன்னு எடுத்துக்க வேண்டாம். ஆனா நாம நம்பிட்டு இருக்கிற வரிசை என்ன? மூட் வரும், அப்புறம் வேலை நடக்கும். இங்க பாத்தா வேலை முன்னாடி போகுது, மூட் பின்னாடி வருது. எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா படுது, ஏன்னா மூடை நம்மால வரவழைக்க முடியாது, ஆனா பேனாவை எடுத்து நாலு கோடு போட கண்டிப்பா முடியும்.

சரி, கிரியேட்டிவ்னா என்ன, எதெல்லாம் கணக்குல வரும்? ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்ட் பெகெட்டோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2009ல இதை நாலு அளவா பிரிச்சாங்க, ஒவ்வொண்ணோட பேருலயும் வர்ற "சி" கிரியேட்டிவிட்டியை குறிக்குது. ஒரு துறையையே புரட்டிப் போடுற மேதைகளோடது பெரிய சி, தொழிலாவே பண்றவங்களோடது ப்ரோ சி, அன்றாட வாழ்க்கையில நாம பண்றது லிட்டில் சி, ஒரு விஷயத்தை கத்துக்கும்போது நமக்கு மட்டும் புதுசா ஒண்ணு தோணுமே, அது மினி சி. நாம டெய்லி பண்ண போறது கடைசி ரெண்டும்தான். காலையில இல்லாத ஒரு பொருள், ஒரு வரி, ஒரு படம், ஒரு மெட்டு ராத்திரிக்குள்ள உங்களால உண்டாகி இருந்தா அது கணக்கு. அடுத்தவங்க பண்ணதை மூணு மணி நேரம் ஸ்க்ரோல் பண்ணி "சூப்பரா இருக்கே"ன்னு சேவ் பண்ணி வைக்கிறது கணக்குல வராது, இதுல நான் கறாராத்தான் இருப்பேன்.

[திரையில்: பழைய கால பாக்கெட் வாட்ச்]

இப்போ டைம். ஆண்டனி ட்ரோலப்னு ஒரு ஆங்கில நாவலாசிரியர், 19ஆம் நூற்றாண்டு, போஸ்ட் ஆபீஸ் டிபார்ட்மென்ட்ல ரொம்ப வருஷம் வேலை பாத்தவரு. காலையில 5:30க்கு எழுத உக்காந்து 8:30 வரைக்கும் எழுதுவாரு, வாட்சை எதிர்ல வச்சுக்கிட்டு கால் மணிக்கு 250 வார்த்தைன்னு கணக்கு. இப்படியே 47 நாவல். கேக்க பிரமிப்பா இருக்கும், ஆனா இதை அப்படியே காப்பி அடிக்க சொல்ல மாட்டேன், தினமும் விடியக்காலையில மூணு மணி நேரம் தனியா கிடைக்கிற வாழ்க்கை எத்தனை பேருக்கு இருக்கு?

எனக்கு இன்னொருத்தர்தான் நெருக்கமா தெரியுறாரு. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், அமெரிக்காவுல நியூ ஜெர்சியில 40 வருஷத்துக்கு மேல டாக்டரா இருந்தவரு, பெரிய கவிஞரும் கூட. ஒரு பேஷன்ட் போயி அடுத்த பேஷன்ட் வர்ற கேப்புல, மருந்து எழுதுற சீட்டுலயே வரிகளை கிறுக்கி வச்சுக்குவாரு. இதுல கவனிக்க வேண்டியது அந்த சீட்டு. எழுதுறதுக்கான பொருள் கை எட்டுற தூரத்துல இருந்துச்சு, தனியா ஒரு ரூம், தனியா ஒரு நோட்டுன்னு தேடல, அதனாலதான் ரெண்டு நிமிஷ கேப் கூட போதுமா இருந்துச்சு. நீங்களும் பொருளை கிட்ட கொண்டு வாங்க, நோட்டு பீரோவுக்குள்ளயும் கிட்டார் உறைக்குள்ளயும் இருந்தா அதை எடுக்கிறதுக்குள்ளயே அந்த நாள் முடிஞ்சிடும்.

அடுத்தது ரூல். இதைத்தான் நான் ரொம்ப அழுத்தி சொல்ல விரும்புறேன். வேலை முடிச்சு சோர்ந்து போய் உக்காரும்போது வெள்ளை பேப்பர் முன்னாடி நமக்கு கஷ்டமா இருக்கிறது வரையறது இல்ல, என்ன வரையறதுன்னு முடிவு எடுக்கிறது. நாள் முழுக்க முடிவா எடுத்து களைச்சு போயிருக்கோம், இதுல இன்னொரு முடிவா? அதனால அந்த முடிவை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து வச்சிடுங்க. இந்த வாரம் முழுக்க நிழல்களை மட்டும் போட்டோ எடுக்க போறேன். இந்த வாரம் ஜன்னல்ல தெரியுறதை மட்டும், ஒரே கலர் பேனாவுல. இந்த வாரம் தினமும் நாலு வரி, அதுல "நான்"ங்கிற வார்த்தை வரக்கூடாது. இப்படி கதவை எல்லாம் சாத்திட்டு ஒண்ணை மட்டும் திறந்து வச்சா, முதல் ரெண்டு நாள் ஈஸியா தோணுறதெல்லாம் தீந்து போய் மூணாவது நாள் என்னடா பண்றதுன்னு முழிப்போம் பாருங்க, அங்கதான் நமக்கே தெரியாத ஒண்ணு வெளிய வரும்.

பீப்பிள்னு ஒரு டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. 2007 மே 1ஆம் தேதி ஆரம்பிச்சு தினமும் ஒரு படம், விடாம. 2021ல முதல் 5000 படங்களை ஒண்ணா சேர்த்த தொகுப்பு பெரிய ஏலத்துல போச்சுன்னு எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. எனக்கு சுவாரஸ்யமா பட்டது, முதல் வருஷம் கையால வரைஞ்சாரு, அடுத்த வருஷம் ஒரு 3டி சாஃப்ட்வேரை எடுத்து அதை கத்துக்கிறதையே தன்னோட டெய்லி வேலையா வச்சுக்கிட்டாரு. அவரும் "எதை வேணாலும் பண்ணலாம்"ன்னு விடல.

[திரையில்: 21 அடிக்கப்பட்டு, பக்கத்துல 66]

எத்தனை நாள்ல பழக்கம் ஆகும்? 21 நாள்னு ஒரு நம்பர் சுத்திட்டு இருக்கு. அது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினதுல இருந்து கிளம்பினது, ஆபரேஷனுக்கு அப்புறம் புது முகத்துக்கு பழக குறைஞ்சது 21 நாள் மாதிரி ஆகுதுன்னு அவர் கவனிச்சது. லண்டன்ல பிலிப்பா லாலிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 96 பேரை வச்சு பாத்தப்போ பழக்கம் இயல்பா ஒட்டிக்கிறதுக்கு நடுத்தரமா 66 நாள்னு வந்துச்சு, ஆளைப் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும். அவங்க எடுத்துக்கிட்டது தண்ணி குடிக்கிறது, பழம் சாப்பிடுறது, ஓடுறது மாதிரி பழக்கங்கள், கவிதை எழுதுறதுக்கு இன்னும் கூட ஆகலாம்னு நான் நினைக்கிறேன். ஆனா அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் தெரிஞ்சது, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பெருசா ஒண்ணும் கெட்டுப் போகல. அதனால ஸ்ட்ரீக், அதாவது நாள் விடாம பண்ற தொடர்ச்சி, உடைஞ்சிடுச்சேன்னு மொத்தத்தையும் மூட்டை கட்டாதீங்க.

ஐடியாவே வரலையா? எழுந்து நடங்க. ஸ்டான்ஃபோர்டுல 2014ல வந்த ஆராய்ச்சியில உக்காந்து இருக்கும்போது விட நடக்கும்போது சராசரியா 60% கூடுதலா கிரியேட்டிவ் பதில்கள் வந்துச்சு, வெறும் சுவத்தை பாத்துக்கிட்டு ட்ரெட்மில்லுல நடந்தா கூட.

பண்ணதை உடனே போஸ்ட் பண்ணலாமான்னு கேப்பீங்க. ஆரம்பத்துல வேண்டாம்னுதான் சொல்வேன். லைக் வந்துச்சுன்னா நாளைக்கும் அதே மாதிரி பண்ணத் தோணும், வரலைன்னா எதுக்கு பண்ணோம்னு தோணும், ரெண்டுமே கையை கட்டிப் போடும். ஆனா தூக்கி மட்டும் போடாதீங்க, தேதி போட்டு ஒரு கவர்லயோ ஒரு ஃபோல்டர்லயோ போட்டு வைங்க. அன்னைக்கு மோசம்னு தோணினதுல ஒரு கோடு, ஒரு வார்த்தை, மாசக்கடைசியில எடுத்து பாக்கும்போது வேற மாதிரி கண்ணுல படும்.

இப்போ வீடியோவை பாஸ் பண்ணிட்டு இந்த வாரத்துக்கான ரூலை மட்டும் ஒரு வரியில எழுதுங்க. பத்து நிமிஷத்துல முடியுற அளவுக்கு சின்னதா இருக்கட்டும், உடம்பு முடியாத நாளுக்கு ஒரே நிமிஷத்துல முடியுற மாதிரி அதுலயே இன்னும் சின்னதா ஒண்ணையும் சேர்த்து எழுதிடுங்க. ரெண்டாவது நாளே போர் அடிக்குதுன்னு ரூலை மாத்தாதீங்க, ஏழு நாளும் அதேதான்.