தாலாட்டுக்கு வைத்த பெயர்

(நூலக வாரத்தையொட்டி தருமபுரியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

"அடுத்து சகோதரி நீலாம்பரி பேசுவார்" என்று தம்பி அறிவித்ததும் கடைசி வரிசையில் இரண்டு பேர் விசில் அடித்தீர்கள். பரவாயில்லை. 25 வருஷத்துக்கும் மேலாகக் கேட்கிற விசில்தான். அது எனக்கு இல்லை, ரம்யா கிருஷ்ணனுக்கு என்று எனக்கும் தெரியும்.

நான் பேச்சாளர் இல்லை. பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர்க்காரர்கள் கணக்கில் புதன்கிழமை ஊசி போடுகிற நர்சம்மா. எனக்கு முன்னால் பேசியவர்கள் தாங்கள் படித்துப் படித்து நெருக்கமான பாத்திரங்களைப் பற்றிச் சொன்னார்கள். என் கதை வேறு. என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே ஒரு பாத்திரம் என் வீட்டில் குடிவந்துவிட்டது. வாடகையும் தருவதில்லை.

நான் பிறந்தது 1974. அப்பா தெருக்கூத்துக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். எங்கள் தெருவில் அப்போது மாதம்மா, முனியம்மா, லட்சுமி, சின்னப்பாப்பா இவைதான் பெயர்கள். நடுவில் நீலாம்பரி என்று ஒன்று எப்படி வந்தது? அது ராகத்தின் பெயர். சங்கராபரணத்தின் வழிவந்தது, தாலாட்டு ராகம் என்றே பெயர் வாங்கியது. நாகப்பட்டினத்து நீலாயதாட்சி மேல் தீட்சிதர் பாடிய கீர்த்தனை இந்த ராகம்தான். அப்பாவுக்குத் தீட்சிதர் எல்லாம் தெரிந்திருக்காது. அவர் சொன்னது இதுதான்: "மோகனம் வாசிச்சா வேஷக்காரன் ஆடுவான், முகாரி வாசிச்சா பொம்பளைங்க அழுவாங்க, நீலாம்பரி வாசிச்சா முன்வரிசைப் பிள்ளைங்க தூங்கிடும். அதனால கூத்துல அதை வாசிக்க வழியே கிடைக்கலை."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெண் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள் என்றால் சும்மா கொண்டுவரவில்லை. நான் வீட்டில் மூன்றாவது பெண். விடிய விடியக் கூத்து முடித்து அப்பா வந்து ஆர்மோனியப் பெட்டியைத் திண்ணையில் இறக்கினாராம். மூன்றாவதும் பெண் என்பதால் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லையாம். முதலில் பேசியவர் அவர்தான். பேசியது என் பெயரை.

அப்புறம் 1999 ஏப்ரலில் 'படையப்பா' வந்தது. அதில் ரம்யா கிருஷ்ணன் நடித்த வில்லியின் பெயர் நீலாம்பரி.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அதுவரை "அழகான பேரும்மா" என்றவர்கள், பெயரைக் கேட்டதும் ஒரு எட்டு பின்னால் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறையைப் பணிவாக இரண்டு கையாலும் கொடுத்தார். அதெல்லாம் எனக்கும் சிரிப்புதான். ஒரு புதன்கிழமை, வரிசையில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையிடம், "அழாதே, நீலாம்பரி வந்துடுவா" என்றார். கையில் ஊசியோடு நின்றேன். தூங்க வைப்பதற்காக ஒரு மனுஷன் தேடி வைத்த பெயர், மூன்றே மாசத்தில் பூச்சாண்டி ஆகிவிட்டது.

கிண்டலோடு வாழ்ந்துவிடலாம். எனக்குப் போனது வேறு ஒன்று. கோபப்படுகிற உரிமை.

ஒரு கோடையில் தடுப்பூசிப் பெட்டி காலையில் வர வேண்டியது மதியம் வந்தது. திறந்தால் உள்ளே ஐஸ் பை எல்லாம் தண்ணீராகக் கிடந்தது. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து பலன் தராது, போட்டும் போடாத மாதிரி. வெயிலில் நடந்து வந்த தாய்மார்களை "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். அந்த மாசக் கூட்டத்தில் எழுந்து கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தார். "நீலாம்பரி கோபப்பட்டுட்டாங்கப்பா!" அறையே சிரித்தது. தேநீர் வந்தது. பெட்டி ஏன் தாமதமானது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மற்றவர்கள் கோபப்பட்டால் கோபம். நான் கோபப்பட்டால் வசனம். அன்றிலிருந்து எதையும் எழுதித்தான் கொடுக்கிறேன். அடியில் என் கையெழுத்தைப் பார்த்து அங்கேயும் யாராவது சிரித்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு வருத்தம் உண்டா என்று கேட்கிறார்கள். படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. டிவியில் போட்டால் எங்கள் வீட்டில் சேனல் மாற்ற விடமாட்டார்கள். சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் கதாநாயகியின் பெயர் என்ன? சௌந்தர்யா என்று சொல்லாதீர்கள், அது நடிகை. பாத்திரத்தின் பெயர்? ... பார்த்தீர்களா. வசுந்தரா. நல்ல பெண், பொறுமைசாலி, கடைசியில் கல்யாணமும் அவளுக்குத்தான். பெயர் மட்டும் யாருக்கும் நினைவில்லை. இந்த ஜில்லாவில் எத்தனை வசுந்தராக்கள் இருப்பார்கள், அவர்களைப் பார்த்து ஒருத்தராவது விசில் அடித்திருப்பார்களா? எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான்.

படத்து நீலாம்பரி தோற்றுப்போய் 18 வருஷம் ஒரே அறையில் அடைந்து கிடப்பார். அந்தக் கட்டம் வரும்போது வீட்டில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நானும் ஒரே துணை நிலையத்தில் 18 வருஷம் இருந்தேன். இடமாறுதல் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு நந்தினியும் இருக்கிறார், சின்னப் பெண். 1950இலிருந்து 1954 வரை கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடராக எழுதி உண்டாக்கிய நந்தினி, புத்தகம் படிக்கிறவர்கள் மட்டும் சீண்டுகிற பெயராக இருந்தது. 2022இல் படம் வந்ததும் அவருக்கும் ஆரம்பித்துவிட்டது. ஓடி வந்து சொன்னார். "வாம்மா, உட்கார்" என்றேன். நீலாம்பரிக்கு மூலமே நந்தினிதான் என்று படையப்பா இயக்குநரே சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் அந்தப் பெண் எனக்கு அக்கா முறை.

ஆனால் இந்த விஷயத்தில் நம் ஊருக்குச் சினிமா சொல்லித்தர ஒன்றும் இல்லை. அப்பாவின் குழுவில் துரியோதனன் வேஷம் கட்டியவர் ஒருவர் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் 18ஆம் நாள் படுகளம். மண்ணால் பெரிய துரியோதனனைத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் இவர் தொடையில் அடிவாங்கி விழுவார், பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். மறுநாள் காலையில் அதே பெண்களிடம் கேழ்வரகு வாங்கப் போவார். "என்ன துரியோதனா, எத்தனை படி?" என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே ரேஷன் கார்டு பார்த்துத்தான் தெரியும். ஒருநாளும் அவர் அதற்கு முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு புதன்கிழமை அவர் கொள்ளுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றரை மாச ஊசி. நல்ல கூட்டம், இருந்த நாற்காலிகள் நிரம்பிவிட்டன. வாசலில் நின்ற ஒரு பையன் படத்துக் காட்சியை வைத்து வழக்கமானதை எடுத்துவிட்டான்: "நாற்காலி குடுப்பீங்களா மேடம், இல்லை ஊஞ்சலை இழுக்கணுமா?" எங்கள் நிலையத்தில் ஊஞ்சல் ஏது? மேலே கொக்கியில் தொங்குவது எடை பார்க்கிற தராசு. கடிகாரம் மாதிரி வட்டமாக முள்ளோடு இருக்கும், அதன் கீழே துணித்தூளி. குழந்தையை அதில் கிடத்தினால் கையைக் காலை உதைக்கும், முள் அங்கும் இங்கும் ஆடும். குழந்தை அடங்கினால்தான் எடை படிக்க முடியும். அந்தப் பாப்பா அடங்குவதாக இல்லை.

பெரியவர் எழுந்து வந்து தூளியின் ஓரத்தைப் பிடித்தார். ஏதோ முனகினார். சொல் ஒன்றும் இல்லை, ராகம் மட்டும். எனக்குப் பெயர் சொல்லத் தெரிந்த ஒரே ராகம் அது.

"உங்கப்பன் பெட்டியில இதைத் தொட்டான்னா, வேஷத்தோட நானே தூங்கிப்போவேன்" என்றார்.

முள் 4.2இல் நின்றது. அட்டையில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் ஊசி போட்டேன். பாப்பா ஊரையே கூட்டிவிட்டாள்.

நன்றி, வணக்கம்.