பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா: பிள்ளைங்க கையில கொடுக்கலாமா?

[திரையில்: டெர்மினலில் நிற்கும் பஸ், ஸ்டீயரிங், பிரேக் பட்டன்கள்]

போன்ல பஸ் ஓட்டுற பசங்க வீட்டுல இருந்தா, பெரும்பாலும் இந்த கேமாதான் இருக்கும். இந்தோனேசியாவைச் சேர்ந்த மலேயோ நிறுவனம் 2017-ல வெளியிட்டது. அங்கேயும் நம்ம மாதிரி ரோட்டுக்கு இடது பக்கம்தான் ஓட்டணும். அதனால நம்ம ஊர் அரசு பஸ்ஸை மோடா, அதாவது கேமுக்குள்ள சேர்க்க மத்தவங்க செஞ்சு தர்ற கூடுதல் ஃபைலா, இறக்கி ஓட்டினா, கச்சிதமா பொருந்திப்போகுது. பசங்களுக்குப் பெரிய இழுப்பே அதுதான்.

கேமுக்குள்ள ரத்தம் இல்ல, துப்பாக்கி இல்ல. ஆளை ஏத்தணும், ஊர் போய்ச் சேர்க்கணும், வர்ற காசுல அடுத்த பஸ் வாங்கணும். ப்ளே ஸ்டோர்ல 3+னு போட்டிருக்கும். அது உள்ளடக்கத்துக்கான மதிப்பீடு மட்டும்தான். மூணு வயசுக் குழந்தையால விளையாட முடியும்னு அர்த்தம் இல்ல. ஸ்டீயரிங், பிரேக், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்க எட்டு வயசாவது வேணும்ங்கிறது எங்க கருத்து.

[திரையில்: பதிவிறக்கம் ஆன ஃபைல்களின் பட்டியல்]

ஆபத்து கேமுக்கு வெளியில இருக்கு. மோட் தேடிப் போற இடத்துல.

லிவரிங்கிறது பஸ் மேல போடுற பெயின்ட் டிசைன். அது வெறும் படம், அதுல பயமில்ல. வண்டி மோட் ஃபைலோட பேர் 'பஸ்சிட்வெஹிக்கிள்' இல்லன்னா 'பஸ்சிட்மோட்'னு முடியும். அதை கேம்தான் திறக்கும். 'ஏபிகே'ன்னு முடிஞ்சா அது பஸ் இல்ல, ஒரு முழு ஆப். 'அன்லிமிடெட் மணி'ன்னு சொல்லிக் கொடுக்கிறதெல்லாம் இந்த ரகம். அதை இன்ஸ்டால் பண்ணி, கேட்கிற அனுமதிக்கெல்லாம் 'அலோ' தட்டினா, உங்க எஸ்எம்எஸ், காண்டாக்ட் வரைக்கும் போக வழி இருக்கு. ஓடிபி வர்ற போன்னா யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு: பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஃபைல். பாஸ்வேர்ட், மோடைக் காட்டுற வீடியோ நடுவுல இருக்கும்பாங்க. பூட்டின ஜிப்புக்குள்ள என்ன இருக்குன்னு வைரஸ் ஸ்கேனருக்குத் தெரியாது.

இதைத் தடுக்க, செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ். அங்க குரோம், ஃபைல்ஸ், வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. சில போன்ல பேர் மாறும். செட்டிங்ஸ் தேடல்ல 'அன்னோன்'னு தட்டினா வந்துடும். மோட் வேணும்னு கேட்டா, நீங்களே பக்கத்துல உட்கார்ந்து இறக்கிக் கொடுங்க. ஒரேயடியா வேண்டாம்னா, நண்பன் அனுப்புற ஏபிகே தேடி வரும்.

பணம் போகாம இருக்க, ப்ளே ஸ்டோர்ல ப்ரொஃபைல் படத்தைத் தட்டி, செட்டிங்ஸ்ல பர்ச்சேஸ் வெரிஃபிகேஷனை எப்பவும் கேட்கிற மாதிரி வைங்க. யுபிஐ பின் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. விளம்பரம் தொல்லையா இருந்தா, நெட்டை அணைச்சுட்டு விளையாடச் சொல்லலாம். கான்வாய்ங்கிற ஆன்லைன் ஆட்டத்துல முகம் தெரியாதவங்க சேருவாங்க. 13 வயசு வரைக்கும் அது வேண்டாம்.

[திரையில்: கடிகாரம், பக்கத்தில் ஓடும் பஸ்]

நேரம். 5 முதல் 10 வயசுக்கு எல்லாத் திரையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள்ளன்னு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது. நிமிஷக் கணக்கு வச்சு, பாதி வழியில போனைப் பிடுங்கினா சண்டைதான் வரும். ட்ரிப் கணக்கு வைங்க: பள்ளி நாள்ல ஒண்ணு, லீவுல ரெண்டு. பயணிகளை இறக்கிட்டு பிள்ளையே போனை நீட்டும்.